ஜனவரி 26, டெலிவிஷனுக்கு நூறு: 30 ஓட்டைத் தட்டு கட்ட யோசனை வேண்டும்

இயற்பியல் வாத்தி | 2025 டிசம்பர் 7
வர்ற ஜனவரி 26 டெலிவிஷனுக்கு நூறு வயசு. 1926இல் அந்தத் தேதியில்தான் ஜான் லோகி பேர்ட் லண்டனில் அதைக் கண்டுபிடித்தார். நமக்கு அன்று குடியரசு தினம். கொடியேற்றம் முடிந்ததும் பிள்ளைகளுக்கு பேர்ட் செய்த மாதிரியே ஒரு தட்டைச் சுற்றிப் படம் காட்டலாம் என்று திட்டம். 30 ஓட்டை, 750 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 750 சுற்று), பின்னால் ஒரு விளக்கு. சார்ட் அட்டையில் காம்பஸ் வைத்துக் குறித்து ஊசியால் குத்தினால் போதுமா?

நாட்காட்டி | டிசம்பர் 7
"கண்டுபிடித்தார்" என்று போர்டில் எழுதிவிடாதீர்கள் சார். அன்று நடந்தது காட்டியது. சோஹோவில் ஃப்ரித் தெரு 22ஆம் எண் வீட்டு மாடி, ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் கழகத்தின் உறுப்பினர்கள் சுமார் 40 பேர், கூட ஒரு டைம்ஸ் நிருபர். செய்தி 28ஆம் தேதி வந்தது: படம் மங்கல், அடிக்கடி கலங்கல், ஆனாலும் முகபாவம் தெரிகிறது என்று. ஓட்டைத் தட்டும் பேர்ட் சொத்து இல்லை, பெர்லினில் பவுல் நிப்கோ 1884லேயே காப்புரிமைக்கு எழுதிப்போட்டது. பேர்ட் கூடத்தில் பொம்மைத் தலை சாம்பல் நிறச் சாயலோடு தெரிந்தது 1925 அக்டோபர் 2. அந்தக் கணக்கில் நூற்றாண்டு போன தீபாவளிக்கு முன்னாலேயே முடிந்துபோச்சு.

தட்டுச்சுற்றி | டிசம்பர் 8
தேதிச் சண்டை அப்புறம். தட்டுதான் முதலில்.

தட்டு சுற்றும்போது ஒவ்வொரு ஓட்டையும் படத்தில் ஒரு கோடு வரையும். 30 ஓட்டை என்றால் ஒன்றுக்கொன்று 12 டிகிரி. ஓட்டைகள் சுருளாக உள்ளே இறங்கணும், ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஒரு ஓட்டை அகலம் உள்ளே. 300 மி.மீ. விட்டத் தட்டு எடுத்தால், வெளி ஓட்டையை மையத்திலிருந்து 140 மி.மீ.யில் வையுங்கள். அங்கே சுற்றளவு 880 மி.மீ., அதை 30ஆல் வகுத்தால் 29.3. அதுதான் படத்தின் உயரம். பேர்ட் படம் நின்ற வாக்கில் இருக்கும், உயரம் 7 பங்கு, அகலம் 3 பங்கு. ஆக அகலம் 12.6 மி.மீ. அதை 30 கோடாகப் பிரித்தால் ஒரு ஓட்டை 0.42 மி.மீ. கடைசி ஓட்டை 127.8 மி.மீ. ஆரத்தில் உட்காரும்.

இப்போது உங்கள் காம்பஸுக்கு வருவோம். பாகைமானியில் கால் டிகிரி பிசகு சாதாரணம். 140 மி.மீ. ஆரத்தில் கால் டிகிரி என்பது 0.6 மி.மீ., ஒன்றரை ஓட்டை. அந்தக் கோடு மட்டும் மேலேயோ கீழேயோ நழுவி நிற்கும், மூக்கு அரிவாள் மாதிரி வரும். ஆரத்தில் பிசகினால் இன்னும் மோசம். 0.1 மி.மீ. உள்ளே போனாலே ஒரு பக்கம் கறுப்புக் கீற்று, மறு பக்கம் இரண்டு கோடு ஒன்றன்மேல் ஒன்று ஏறி வெள்ளைக் கீற்று. கண் கோணப் பிசகை மன்னிக்கும், கீற்றை மன்னிக்காது. ஊசியால் குத்தினால் அட்டை பிசிறும், பிசிறு ஓட்டையைப் பாதி மூடும். மொத்தத்தில் அட்டை வேண்டாம்.

தட்டுச்சுற்றி | டிசம்பர் 8, சற்றுப் பிறகு
மேலே 0.42 என்று சொன்னது சதுர ஓட்டைக்கு. வட்ட ஓட்டைக்கு அதே அளவு வைத்தால் ஓரத்தில் வெளிச்சம் குறைந்து, படம் முழுக்கக் கம்பி போட்ட சன்னல் மாதிரி இருக்கும். வட்டமென்றால் இடைவெளி 0.42ஆகவே இருக்கட்டும், ஓட்டையை மட்டும் 0.5 ஆக்குங்கள். கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால்தான் கீற்று மறையும்.

இயற்பியல் வாத்தி | டிசம்பர் 10
அட்டையைக் கைவிட்டாச்சு. 3 மி.மீ. கறுப்பு அக்ரிலிக்கை லேசரில் வெட்டித் தருவதாகக் கடையில் சொல்கிறார்கள். சரிவருமா?

தட்டுச்சுற்றி | டிசம்பர் 10
வராது. அரை மி.மீ. ஓட்டை, 3 மி.மீ. கனம்: அது ஓட்டை இல்லை, சுரங்கம். நேர் எதிரே ஒரு கண் வைத்தவருக்கு மட்டும் படம் தெரியும், பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கு இருட்டு. லேசரும் அக்ரிலிக்கை உருக்கிக்கொண்டே போவதால் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் ஆகும்.

சர்க்யூட் போர்டில் சால்டர் பேஸ்ட் தடவ ஸ்டென்சில் செய்கிறார்களே, 0.12 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுத் தகடு, அதைக் கேளுங்கள். போர்டு அடித்துத் தரும் இடங்களில் கோப்பு அனுப்பினால் போதும். சதுர ஓட்டையே கிடைக்கும், பிசகு மைக்ரான் கணக்கில்தான். 0.42 சதுரம், 12 டிகிரி, அவ்வளவுதான் வரைபடம். கூடவே 145 மி.மீ. ஆரத்தில் 3 மி.மீ. ஓட்டை ஒன்று போடச் சொல்லுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

தகடு துவளும். 250 மி.மீ. விட்டத்தில் இரண்டு எம்.டி.எஃப். தட்டு (மரநார்ப் பலகை, 3 மி.மீ. கனம்) வெட்டி இருபுறமும் வைத்து ஆறு திருகில் இறுக்குங்கள். வெளியே நீட்டுவது 25 மி.மீ. வளையம் மட்டும், சுற்றும்போது அது தானே நேராகிவிடும்.

ஆனால் அந்த விளிம்பு கத்தி. 750 ஆர்.பி.எம்.மில் விளிம்பின் வேகம் விநாடிக்கு 11.8 மீட்டர், அதாவது மணிக்கு 42 கி.மீ. முழுத் தட்டையும் பெட்டிக்குள் அடைத்து, முன்னால் 40க்கு 20 மி.மீ. சன்னல் மட்டும் விட்டு, அதற்கும் கண்ணாடி போட்ட பிறகுதான் மின்சாரம். கம்பி வலை போதாது, விரல் சின்னது.

நாட்காட்டி | டிசம்பர் 13
நடுவில் ஒரு திருத்தம். 750 ஆர்.பி.எம். என்றால் விநாடிக்கு 12.5 படம். 1926 ஜனவரியில் பேர்ட் காட்டியது விநாடிக்கு 5 படம்தான். 12.5 பிறகு வந்தது, 1929 செப்டம்பர் 30 முதல் பிபிசி கோபுரம் வழியாகப் போனது அந்தக் கணக்கு. "பேர்ட் செய்த மாதிரியே" என்றால் 300 ஆர்.பி.எம். வைக்கணும்.

தட்டுச்சுற்றி | டிசம்பர் 13
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 5 படத்தில் பிள்ளைகள் பார்ப்பது படமாக இருக்காது, வலமிருந்து இடம் ஓடும் ஒரு வெளிச்சத் துடைப்பம்தான். 1926இன் ஆண்டுவிழாவுக்கு 1929இன் இயந்திரம் என்று அட்டையில் எழுதிவிடலாம். பொய்யில்லை.

இயற்பியல் வாத்தி | டிசம்பர் 13
எழுதிவிடுகிறேன். விளக்குக்கு நியான் பல்பு கிடைக்குமா? படங்களில் எல்லாம் ஆரஞ்சு நிறம்.

தட்டுச்சுற்றி | டிசம்பர் 14
நியான் அழகுதான். ஆனால் நூற்றுக்கும் மேல் வோல்ட் வேண்டும், பள்ளிக்கூடத்தில் வேண்டாம். ஆரஞ்சு எல்இடி போடுங்கள், நிறமும் அதேதான்.

விளக்கில் எல்லோரும் கோட்டைவிடும் இடம் வெளிச்சக் கணக்கு. எந்த நொடியிலும் ஒரே ஒரு ஓட்டை வழியாகத்தான் ஒளி வருகிறது. படத்தின் பரப்பு 29.3 பெருக்கல் 12.6, ஓட்டை 0.42 பெருக்கல் 0.42. வகுத்தால் கிட்டத்தட்ட 2,100. பின்னால் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் கண்ணுக்கு வருவது 2,100இல் ஒரு பங்கு. இண்டிகேட்டர் எல்இடி நாலு வைத்துவிட்டு "படமே வரல" என்பார்கள். படம் வந்திருக்கும், தெரியாது. 10 வாட் எல்இடி ஒன்று, வெள்ளைத்தாள் ஒட்டிய சின்னப் பெட்டிக்குள், எதிரே 2 மி.மீ. பால்வெள்ளை அக்ரிலிக். அக்ரிலிக்குக்கும் எல்இடிக்கும் 25 மி.மீ. இடைவெளி விடுங்கள், நெருங்கினால் நடுவில் மட்டும் நிலா. அக்ரிலிக்குக்கும் தட்டுக்கும் 3 மி.மீ. போதும், அங்கே தள்ளிப்போனால் ஓரத்திலிருந்து பார்ப்பவருக்குப் படம் வெட்டுப்படும். சன்னலுக்குத் திரை கட்டுங்கள். வெளியே குடியரசு தின வெயில் அடித்தால் எந்த எல்இடியும் தோற்கும்.

எல்இடியை ஓட்ட எல்எம்358 (சிக்னலைப் பெருக்கும் ஆப்-ஆம்ப் சிப்), ஒரு லாஜிக் லெவல் மாஸ்ஃபெட் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டர்), அதன் சோர்ஸ் காலில் 1 ஓம் 1 வாட் மின்தடை. உள்ளே அரை வோல்ட் கொடுத்தால் அரை ஆம்பியர் ஓடும். ஆப்-ஆம்பிலிருந்து மாஸ்ஃபெட்டின் கேட் காலுக்கு 100 ஓம் போடாவிட்டால் தானாக ஊசலாடி, படத்தின் மேல் மணல் தூவின மாதிரி ஆகும். மாஸ்ஃபெட்டுக்கு ஹீட் சிங்க் கட்டாயம். ஆடியோ ஆம்ப்ளிஃபையர் போர்டு மலிவு என்று அதை நேராக எல்இடியில் மாட்டாதீர்கள். அது தள்ளியும் இழுத்தும் ஓட்டும், எல்இடி ஒரு பக்கம்தான் எரியும், படத்தில் கறுப்புப் பாதி அப்படியே காணாமல் போகும்.

நாட்காட்டி | டிசம்பர் 15
வாத்தியார் செலவு குறைவாக என்று ஆரம்பித்தாரா இல்லையா என்று மேலே போய்ப் பார்த்தேன். நல்லவேளை, சொல்லவில்லை.

கல்மேடு | டிசம்பர் 17
டெலிவிஷன் ஆண்டுவிழா என்றால் நமக்கு ஆகஸ்ட் 15 அல்லவா? சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15. ஐம்பது போன சுதந்திர தினத்தோடு முடிந்தது. ஒருத்தரும் தட்டு சுற்றவில்லை.

நாட்காட்டி | டிசம்பர் 17
டில்லியில் 1959 செப்டம்பர் 15. அதற்கும் முன்னால், 1950 ஜனவரியில் தேனாம்பேட்டைக் கண்காட்சி ஒன்றில் மின்பொறியியல் மாணவர் ஒருவர் கதிர்க்குழாயில் (பழைய டிவிப் பெட்டிகளின் படக்குழாய்) படம் காட்டியிருக்கிறார், அப்போதே பத்திரிகையில் வந்தது. வாத்தியார் அந்த வரியையும் அட்டையில் சேர்க்கலாம்.

தட்டுச்சுற்றி | டிசம்பர் 21
மோட்டார். 12 வோல்ட் டிசி, 3,000 ஆர்.பி.எம்., 1க்கு 4 கப்பி, ரப்பர் வளையப் பட்டை. நேரடியாக மாட்டினால் மோட்டார் அதிர்வு தட்டுக்கு வந்து படம் நடுங்கும். தட்டை மாட்டியதும் கையால் சுற்றிவிட்டுப் பாருங்கள். எப்போதும் ஒரே பக்கம் கீழே வந்து நின்றால் அந்தப் பக்கம் கனம், எதிர்ப்பக்கம் டேப் ஒட்டிச் சரிக்கட்டுங்கள். எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாதவரை ஒட்டணும்.

வேகத்தைப் பார்க்கக் கருவி வேண்டாம். வெள்ளைத்தாளில் எட்டுக் கறுப்புப் பட்டை வரைந்து தட்டின் நடுவில் ஒட்டி, பழைய சோக் வைத்த ட்யூப்லைட்டின் கீழே சுற்றுங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ட்யூப் விநாடிக்கு 100 முறை மின்னும். 12.5 சுற்று பெருக்கல் 8 பட்டை, அதுவும் 100. சரியாக 750 வந்ததும் பட்டைகள் அசையாமல் நிற்கும். இங்கிலாந்திலும் 50தான், கணக்கு மாறாது. ஒரே சிக்கல், புது எல்இடி ட்யூப்கள் பல மின்னுவதே இல்லை. ஸ்டோர் ரூமில் பழைய பட்டி ஏதாவது கிடக்கும், தேடுங்கள்.

இயற்பியல் வாத்தி | டிசம்பர் 28
சுற்றுகிறது! பட்டை நிற்கிறது! ஆனால் கம்ப்யூட்டரிலிருந்து சிக்னல் கொடுத்தால் படம் மேலே ஓடிக்கொண்டே இருக்கிறது. கைக்குழந்தை மாதிரி ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

தட்டுச்சுற்றி | டிசம்பர் 28
நிற்காது. கண்ணுக்குப் பட்டை நின்றது போல இருந்தாலும் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகம் பிசகியிருக்கும். ஆயிரத்தில் ஒன்று என்றால் ஒரு சுற்றுக்கு 0.03 கோடு. விநாடிக்கு 12.5 சுற்று, ஆக 2.7 விநாடிக்கு ஒருமுறை படம் முழு உயரமும் உருண்டு, ஒரு கோடு பக்கத்திலும் நகரும். ஒன்றரை நிமிடம் பொறுத்தால் பக்கவாட்டில் முழுச் சுற்று சுற்றி வரும். 1930இல் விற்ற பேர்டின் வீட்டு டெலிவிஷன் பெட்டிகளான டெலிவைசர்களில் இதற்காக 30 பல் சக்கரமும் மின்காந்தமும் இருந்தன. சிக்னலிலேயே விநாடிக்கு 375 கோட்டுத் துடிப்பு வரும், அது பல்லைப் பிடித்து இழுத்து வைக்கும். அப்படியும் வீட்டுக்காரர் ஒரு குமிழில் கை வைத்தபடியேதான் பார்த்தார்.

உங்களுக்கு எளிய வழி, தட்டைப் படத்தோடு ஓட்டாமல் படத்தைத் தட்டோடு ஓட்டுவது. 145 மி.மீ.யில் போடச் சொன்ன ஓட்டை இதற்குத்தான். பழைய பிரிண்டரில் கழற்றிய ஒளிச் சென்சார் ஒன்றை அங்கே வையுங்கள். பைக்கோ மாதிரி ஒரு மைக்ரோகன்ட்ரோலர் (கைக்கடக்கமான கம்ப்யூட்டர் போர்டு) அந்தத் துடிப்பு வந்ததும் படத்தை முதலிலிருந்து அனுப்பணும். போன சுற்று எடுத்த நேரத்தை 30ஆல் வகுத்தால் ஒரு கோட்டு நேரம், சுமார் 2.67 மில்லிவிநாடி. கோட்டுக்கு 70 புள்ளி, புள்ளிக்கு 38 மைக்ரோவிநாடி. ஒரு படம் 2,100 பைட். 2 எம்பி நினைவகத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் அசையும் படம் கொள்ளும்.

நாட்காட்டி | டிசம்பர் 29
அப்போ அது டெலிவிஷன் இல்லையே. தூரத்திலிருந்து வருவதுதானே "தொலை"? பெட்டிக்குள்ளேயே படத்தை வைத்து பெட்டிக்குள்ளேயே காட்டினால் அது பயாஸ்கோப்.

தட்டுச்சுற்றி | டிசம்பர் 29
ஒரு மணி நேரம் யோசித்தேன், பதில் இல்லை. நீங்கள் சொல்வது சரி.

தட்டுச்சுற்றி | 2026 ஜனவரி 2
பதில் கிடைத்தது. இரண்டும் செய்யலாம். முதலில் பைக்கோவோடு படம் நிற்கட்டும். பிறகு பிள்ளைகள் முன்னால் ஒரு சுவிட்சைத் தட்டி, பக்கத்து அறைக் கம்ப்யூட்டரின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒயர் வழியாக வரும் சிக்னலுக்கு மாற்றுங்கள். ஓடும் படத்தை மோட்டார் குமிழைத் திருகி அவர்களே நிறுத்தட்டும். 1930இல் வீட்டுக்காரர் செய்த வேலை அதேதான்.

ஒயர் சிக்னலுக்குச் சில எச்சரிக்கை. விநாடிக்கு 26,250 புள்ளி, அதாவது அதிகபட்சம் 13 கிலோஹெர்ட்ஸ். டெலிவிஷன் முழுதும் ஒரு பாட்டுக்குள் அடங்கும், பிபிசி இதை ரேடியோ கோபுரத்தில் அனுப்ப முடிந்ததே அதனால்தான். ஆனால் எம்பி3 ஆக்காதீர்கள். காதுக்குத் தேவையில்லாததைத் தூக்கிப்போடும் வித்தை அது, அங்கேதான் மூக்கும் கண்ணும் இருக்கின்றன. வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ். அதில் ஒரு கோட்டுக்குச் சரியாக 128 மாதிரி வரும். 44.1 எடுத்தால் 117.6 வரும், அந்தப் பின்னம் கோட்டுக்குக் கோடு சேர்ந்து படம் சாயும். ப்ளூடூத் கூடவே கூடாது.

ஒலி அட்டை நேர்மின்னோட்டத்தைக் கடத்தாது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை முகம் வைத்தால் பின்னணி சாம்பலாகும், வெள்ளைப் பின்னணியும் அதே சாம்பல்தான். ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் சின்னக் கறுப்புத் துண்டு வைத்து, உள்ளீட்டில் ஒரு மின்தேக்கியும் டையோடும் போட்டு அந்தக் கறுப்பைப் பிடித்து நிறுத்துங்கள். இன்னொன்று, எல்இடிக்குக் கொடுக்குமுன் புள்ளி மதிப்பை 2.2 அடுக்குக்கு ஏற்றுங்கள். இல்லாவிட்டால் முகம் பவுடர் அப்பிய மாதிரி வெளிறும்.

இயற்பியல் வாத்தி | ஜனவரி 9
முகம் வந்துவிட்டது, ஆனால் இடது கை வலது கையாக இருக்கிறது.

தட்டுச்சுற்றி | ஜனவரி 9
தட்டைத் திருப்பி மாட்டியிருக்கிறீர்கள். பேர்ட் படம் வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் போகும், ஒவ்வொரு கோடும் கீழிருந்து மேலே. சன்னல் தட்டின் வலப்பக்கம், சுற்று கடிகாரத்துக்கு எதிர்த்திசை, வெளி ஓட்டை முதலில் வரணும். மோட்டார் ஒயர் மாறியிருந்தால் ஆள் தலைகீழாகவும் நிற்பார், இடவலமும் மாறும். கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் தெரிந்தால் ஆப்-ஆம்பின் கால் மாறியிருக்கிறது.

தட்டுச்சுற்றி | ஜனவரி 10
முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது. விநாடிக்கு 12.5 மின்னல் என்பது ஒளியால் வலிப்பு வரக்கூடிய வரம்புக்குள் வருகிறது. பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டுவையுங்கள், கதவில் எழுதி ஒட்டுங்கள், ஒரு பிள்ளைக்கு அரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். படம் சின்னது என்பது ஓரளவு நல்லது, ஆனால் லென்ஸ் வைத்துப் பெரிதாக்கினால் அதுவும் போச்சு.

இயற்பியல் வாத்தி | ஜனவரி 18
எச்சரிக்கை ஒட்டிவிட்டேன், பெற்றோருக்குக் கடிதமும் போகிறது. செல்ஃபோனில் வீடியோ எடுத்தால் பாதி முகம்தான் பதிகிறது.

தட்டுச்சுற்றி | ஜனவரி 18
ஒரு படம் முடிய 80 மில்லிவிநாடி. ஃபோன் 33இல் அடுத்த படத்துக்குப் போய்விடும். மேனுவல் மோடில் ஷட்டரை 1/12 வைத்து நிழற்படம் எடுங்கள்.

நாட்காட்டி | ஜனவரி 23
அட்டைக்கு வாசகம். "உலகின் முதல் டெலிவிஷன்" என்று எழுதினால் அமெரிக்காவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் ஆள் வருவார்கள். சார்லஸ் ஜென்கின்ஸ் 1925 ஜூன் 13இல் வாஷிங்டனில் காற்றாலையின் நிழலுருவத்தைக் காட்டிவிட்டார். கென்ஜிரோ தகாயனகி 1926 டிசம்பர் 25இல் ஹமமட்சுவில் "இ" என்ற ஜப்பானிய எழுத்தைக் கதிர்க்குழாயில் காட்டினார். ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த் 1927 செப்டம்பர் 7இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் சுழலும் பாகமே இல்லாமல் ஒரு கோட்டை அனுப்பினார். நம் வீட்டுப் பெட்டிகள் கடைசி இருவர் போன வழியில் வந்தவை, பேர்ட் வழியில் இல்லை.

அப்படியென்றால் ஜனவரி 26க்கு என்ன பெருமை? உயிருள்ள முகம், சாம்பல் நிறச் சாயல்களோடு, வெளியாட்கள் கண்ணெதிரே அசைந்தது. அது மட்டும்தான், ஆனால் அது சின்ன விஷயமில்லை. நிழலுருவத்துக்கு விளக்கொளி நேராக ஒளிமின்கலத்தில் விழுகிறது, எரியுதா அணையுதா என்று தெரிந்தால் போதும். முகத்திலிருந்து சிதறி வரும் ஒளி அதில் ஒரு துளி. கன்னத்துக்கும் தாடைக்கும் உள்ள வித்தியாசம் அந்தத் துளியிலும் துளி. பொம்மைத் தலையை வைத்து வேலை செய்ததும் அதனால்தான், விளக்குச் சூட்டில் மனிதர் உட்கார மாட்டார். பொம்மை தெரிந்ததும் பேர்ட் மாடியிறங்கி ஓடி வில்லியம் டெயின்டன் என்ற அலுவலகப் பையனை இழுத்து வந்தார். உட்கார வைக்க அரை கிரவுன் (அந்தக் காலத்து ஆங்கிலேய நாணயம்) கொடுக்க வேண்டியிருந்தது.

தட்டுச்சுற்றி | ஜனவரி 23
இதைப் பிள்ளைகளுக்கு நிரூபிக்கவும் செய்யலாம். பைக்கோவில் ஒரே முகத்தை இரண்டு விதமாகப் போடுங்கள், ஒன்று வெறும் கறுப்பு-வெள்ளை, இன்னொன்று 16 சாம்பல் நிலை. முதலாவது யாரோ ஒரு ஆள். இரண்டாவதில் யாரென்று பெயர் சொல்வார்கள். கோடு 30தான், கூடவில்லை.

கல்மேடு | ஜனவரி 27
நடந்ததா?

இயற்பியல் வாத்தி | ஜனவரி 27
நடந்தது. மோட்டாரின் ரப்பர் பட்டை ஒருமுறை அறுந்தது, உதிரி இருந்தது. தலைமையாசிரியை முகத்தை 16 நிலையில் போட்டதும் கைதட்டல். நாட்காட்டி சொன்ன வாசகமே அட்டையில், தேனாம்பேட்டையும் சேர்த்து. அடுத்த ஆண்டுவிழா எது?

நாட்காட்டி | ஜனவரி 27
1936 நவம்பர் 2, அலெக்ஸாண்ட்ரா மாளிகையிலிருந்து பிபிசி. இந்த நவம்பரில் தொண்ணூறு. அங்கே பேர்டின் 240 கோடும் மார்க்கோனி-ஈஎம்ஐ நிறுவனத்தின் 405 கோடும் வாரம் மாற்றி வாரம் போட்டியிட்டன. 1937 பிப்ரவரிக்குள் பேர்ட் வெளியே.

இயற்பியல் வாத்தி | ஜனவரி 27
240 ஓட்டைத் தட்டு முடியுமா?

தட்டுச்சுற்றி | ஜனவரி 28
முடியாது வாத்தியாரே. 300 மி.மீ. தட்டில் படத்தின் ஒரு பக்கம் 3.7 மி.மீ.தான் இருக்கும், ஓட்டை ஒரு மி.மீ.யில் ஐம்பதில் ஒன்றுக்கும் கீழே, தூசி அடைத்துவிடும். விநாடிக்கு 25 படத்துக்கு 1,500 ஆர்.பி.எம். வேறு. இப்போதைக்குத் தட்டைக் கழற்றிச் சமதளத்தில் படுக்க வையுங்கள், சுவரில் சாய்த்து வைத்தால் எம்.டி.எஃப். வளையும். பட்டையையும் கப்பியிலிருந்து எடுத்துவிடுங்கள், அப்படியே விட்டால் நவம்பருக்குள் முட்டை வடிவமாகிவிடும்.